பிரிவு பதினான்கு

மேல்நோக்கி ஒரு சொட்டும் சிந்தக் கூடாது
என்கிறது பிரிவு பதினான்கு,
பால் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோல்.

அளப்பது என் வேலை.
சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி, ஒரு நாடா,
மூன்று நகல் விழும் ரசீதுப் புத்தகம்,
நகராட்சி கொடுத்த, கை நீளம் போதாத கம்பளிச் சட்டை.
சிலியின் வடக்கே, எங்கள் மலையுச்சியில்
வட்டக் கூரைகளைத் திறந்துவைத்து
வானத்தைப் படிக்கிறவர்கள் விழித்திருக்கையில்
கீழே சான் லீனோவில்
கடை கடையாக நடக்கிறேன்.

எர்மிந்தாவின் எம்பனாதா கடைப் பலகை
இரண்டு சதுர மீட்டரும் ஒரு சாணும்.
பிரிவு ஒன்பதில் அந்தச் சாண் அடிபடும்.
'அதில் என்ன எழுதியிருக்கிறது?'
'சூடாக' என்றாள்.
நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தேன்.

மினுக்கும் விளக்கு கூடாது, பிரிவு பதினொன்று.
மருந்துக்கடைப் பச்சைச் சிலுவைக்கு மட்டும் விலக்கு,
அதுவும் இரவு முறை வரும் நாட்களில்.
காய்ச்சலுக்கு வானியல் தெரியாது.

பால்வெளி விடுதியின் நெற்றியில்
நூற்று நாற்பது நீல நட்சத்திரங்கள்
ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன.
அணைக்கச் சொன்னதும் பெர்மின் லாத்தோரே கேட்டார்:
'பிறகு எதைப் பார்க்க வருவார்கள்?'
நான் அண்ணாந்து காட்டவில்லை.
ரசீது நேராகக் கிழிகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஊர் நுழைவில்
'தெளிந்த வானத்தின் தலைநகர் வரவேற்கிறது.'
நான்கு பெருவிளக்குகள், நான்கும் மல்லாந்து.
உரிமையாளர்: நகராட்சி.
அதற்கும் எழுதினேன்.
வெள்ளை நகல் மேயருக்கு,
மஞ்சள் நகல் மேயருக்கு,
இளஞ்சிவப்பில் மேயர் கையெழுத்திட்டு எனக்கு.
ஏழு மாதமாக மூன்றும் அவர் மேசையில்
ஒரு கூழாங்கல்லின் கீழ்.

குன்றின் மேல் வை என்பார்கள் விளக்கை.
குடத்துக்குள் வை என்று
சொல்லித் திரிகிற பிழைப்பு என்னுடையது.

நாற்பத்தொன்றாம் கிலோமீட்டர் வளைவில்
அபெலார்தோவின் பஞ்சர் கடை.
பலகைகூட இல்லை. வெள்ளையடித்த ஒரு டயர்,
அதில் கடையின் பெயர்;
இடம் போதாமல் கடைசி மூன்றெழுத்து
உள்வட்டத்துக்குள் ஒதுங்கியிருக்கும்.
பக்கத்தில் மூடியில்லாத குழல்விளக்கு
மலையின் முகத்துக்கு நேரே, விடிய விடிய.
நான் அனுப்பிய மூன்று கடிதங்களும்
பத்திரமாக இருந்தன, ஒரே ஆணியில்.

'முதலில் இருட்டை அளக்க வேண்டும்.
அணையுங்கள்.'
அணைத்தார்.

கருவியில் சுழியம். மறுபடியும் சுழியம்.
தலைக்கு மேலே அப்போது வந்து நின்றதை
எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
இருவரும் பேசவில்லை.

கணவாயிலிருந்து ஒரு லாரி இறங்கியது.
பிரேக் முனகியது.
படியைக் காலால் துழாவுகிறவன்போல்
வளைவுக்கு முன் தடுமாறியது.
ஹாரன் ஒருமுறை, கேள்வியாக.
அபெலார்தோவின் கை சுவிட்சுக்குப் போனது.
அளவு பார்க்கும் சாக்கில் நான் குனிந்துகொண்டேன்.
குழல் இரண்டுமுறை இமைத்து
(பிரிவு பதினொன்று)
எரிந்தது.
லாரி வளைவை எடுத்தது.
ஓட்டுநர் எங்களைப் பார்த்துக் கையாட்டினான்,
அல்லது விளக்கைப் பார்த்து.

ரசீது எழுதினேன். தொகையும் எழுதினேன்.
அவர் அதை நான்காவதாக ஆணியில் குத்திவிட்டு
காலி கிரீஸ் வாளி ஒன்றை நெடுக்கில் அறுத்தார்.
நான் டார்ச் பிடித்தேன், கீழ்நோக்கித்தான்.
கம்பியால் கட்டி முடித்தபோது
மணி மூன்றாகியிருந்தது.
வெளிச்சம் இப்போது டயரின் மேலும்
சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலும்
எங்கள் காலணிகளின் மேலும் மட்டும்.

கருவி சரி என்றது.
பையை மூடினேன், கிளம்பவில்லை.
அவர் இன்னொரு கோப்பை ஊற்றினார்.
கணவாயைப் பார்த்தபடி நின்றோம்,
அடுத்த லாரிக்காக.